விறகு ஒரு பங்கு, நீராவி இரண்டரைப் பங்கு

1

கனடாவின் ஹாமில்டனில் குளிர் தொடங்கும் வாரத்தில் எங்கள் மருத்துவமனையின் இரண்டாவது கொதிகலனைப் பற்றவைப்போம். கோடையில் ஒன்று போதும். சலவைக்கும் சமையலுக்கும் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யவும் அதன் நீராவி சரியாக இருக்கும். குளிர் வந்தால் கட்டடத்தையும் சூடாக்க வேண்டும் என்பதால் இன்னொன்றும் ஓடும். இந்த வருடம் அதைப் பற்றவைத்த அன்று, உணவு இடைவேளையில் மகள் மீனா அழைத்தாள்.

மீனா வேறொரு ஊரில் தங்கி இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறாள். வழக்கமாக அவள் அழைப்பது கார் காப்பீடு பற்றிக் கேட்க, அல்லது ரசத்தில் புளி எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்க. அன்று தெர்மோடைனமிக்ஸ் கணக்கு ஒன்றுக்காக அழைத்திருந்தாள். ஒரு சிலிண்டர், அதற்குள் வாயு. வெளியிலிருந்து சூடு கொடுத்தால் வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எவ்வளவு வேலை நடந்தது?

கைதுடைக்கும் காகிதத்தின் மேல் போட்டுப் பார்த்து விடையைச் சொன்னேன். எண் சரி, ஆனால் புத்தகத்தில் அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறது என்றாள். அச்சுப் பிழை என்றேன். மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடங்கள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். சந்தேகம் வந்தால் முதலில் அச்சின் மேல்தான் விழும்.

"அப்பா, அடுத்த எல்லா கணக்குலயும் மிஸ்பிரிண்ட்டா?" என்றாள்.

பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அச்சில் பிழை இல்லை. நான் படித்த காலத்தில் வாயு வெளியே தள்ளிச் செய்யும் வேலைக்குக் கூட்டல் குறி, வெளியிலிருந்து வாயுவின் மேல் நாம் செய்யும் வேலைக்குக் கழித்தல் குறி. அவள் புத்தகத்தில் அது அப்படியே தலைகீழ். இரண்டில் எதை வைத்தும் கணக்குப் போடலாம். நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

"ஓகே. அப்போ நீங்க தப்பு இல்ல, பழசு" என்றாள்.

அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் எங்கள் முறைதான் நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். எந்திரம் நமக்கு வேலை செய்யத்தானே இருக்கிறது, அது செய்வதைக் கூட்டலாக எழுதுவதுதானே முறை? அவள் சிரித்தாள். நான் இந்தப் பாடத்தில் ஒருமுறை தோற்றவன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

2

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்தேன். வீடு திருவேங்கடம் என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில். துணி, மருந்து, சினிமா, மதுரைக்குப் பஸ் எல்லாவற்றுக்கும் எங்களுக்குச் சங்கரன்கோவில்தான்.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சங்கரன்கோவில் பிதுங்கிக்கொண்டிருந்த வாரத்தில் மதிப்பெண் அட்டை தபாலில் வந்தது. எல்லாப் பாடமும் தேறியிருந்தேன், தெர்மோ தவிர. படிக்காமல் போயிருந்தால் காரணம் தெரிந்திருக்கும். நான் படித்திருந்தேன். விதிகளை வரிமாறாமல் எழுதினேன். படங்களைப் பென்சிலால் போட்டு மையால் மேலே வரைந்தேன். விடைத்தாளைத் திருப்பிக் காட்டும் வழக்கம் கிடையாது. எங்கே தவறினேன் என்று தெரியாத ஒருவன் மறுபடி எழுதினால் அதே இடத்தில்தான் தவறுவான்.

அந்தப் பாடத்தின் அடிப்படை ஒரு புள்ளிக்கோடு. எந்தப் பொருளைப் பற்றிக் கணக்கோ, அதைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது நம் கணக்கு, வெளியே இருப்பது உலகம். உள்ளே எது போகிறது, வெளியே எது வருகிறது, உள்ளே எது தங்குகிறது என்று எழுதினால் கணக்கு முடிந்தது. கோடு இல்லாத விடைக்கு எங்கள் பேராசிரியர் மதிப்பெண் போடமாட்டார். அதனால் நான் ஒரு கணக்குக்கும் கோடு போடாமல் விட்டதில்லை. விடைத்தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல அதையும் ஒரு மரியாதையாக நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் துணைத்தேர்வு. அதிலும் தவறினால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது, ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. என் அண்ணன் பட்டப்படிப்பில் ஒரு வருடம் தவறவிட்டு வந்தவன், அடுத்த வருடம் மாடு வாங்கினான், அதற்கடுத்த வருடம் கல்யாணம். அவனுக்கு அதில் குறையில்லை. எனக்கு அது வேண்டாம் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அப்பா திட்டவில்லை. மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐப்பசியில மழை விழுந்தா விதைக்கணும். ஒரு ஆளு கூடுதலா இருந்தா எனக்கு நல்லதுதான்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் என்னை ஆள் கணக்கில் சேர்த்துவிட்டார்.

3

இங்கே கொதிகலன் இயக்க உரிமம் வேண்டும். பத்திரிகை வேலையை விட்டு, செவிலியான மனைவியின் பின்னால் கனடா வந்து சேர்ந்த எனக்கு, என் தமிழால் இங்கே யாருக்கும் பயனில்லை என்பது முதல் குளிர்காலத்திலேயே புரிந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்த பட்டத்தை எடுத்தேன். உரிம அலுவலகத்தில் கல்லூரியின் பாடத்திட்டம் கேட்டார்கள். கல்லூரிக்கு எழுதினேன். பாடத்திட்டம் வந்தது, முத்திரை இல்லாமல். மறுபடி எழுதினேன். முத்திரையோடு வந்தது, வேறொரு வருடத்துப் பாடத்திட்டம். மூன்றாவதாக வந்தது சரியாக இருந்தது. அலுவலகத்துப் பெண்மணி பொறுமைசாலி. என் பெயரை அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைத்துச் சொன்னார். நான் திருத்தவில்லை.

என் மதிப்பெண் தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார். தெர்மோடைனமிக்ஸ் இரண்டு முறை இருக்கிறதே, இரண்டு முறை படித்தீர்களா என்று கேட்டார். முதல் முறை எழுதினேன், இரண்டாம் முறைதான் படித்தேன் என்றேன். என் ஆங்கிலம் தவறிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கேட்டார். நானும் அதையே மறுபடி சொன்னேன்.

உரிமத் தேர்வுக்கு மூன்றாம் முறையாகப் படிக்க வேண்டியிருந்தது. மெட்ரிக் நாடு என்று பெயர். பாலும் பெட்ரோலும் லிட்டரில்தான் விற்கிறார்கள். கொதிகலன் முன்னால் வந்து நின்றால் அழுத்தம் பி.எஸ்.ஐ., வெப்பம் பி.டி.யு. என்று பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது அப்படியே நிற்கிறது. உடன் தேர்வெழுதிய இளைஞர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அலுப்பு வரவில்லை. எண்ணுக்கு முன்னால் அதன் அலகைப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சங்கரன்கோவிலிலேயே வந்துவிட்டது.

4

கோமதிநாயகம் என் வகுப்புத்தோழன். சங்கரன்கோவில்காரன், முதல் முறையிலேயே தேறியவன். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும் சைசிங் ஆலை அவன் அப்பாவுடையது. நூல் கஞ்சித் தொட்டியில் முங்கி எழுந்து, நீராவியால் சூடேறிய உருளைகளின் மேல் ஓடிக் காயும். அந்த நீராவிக்கு ஒரு கொதிகலன், அதற்கு உடை மரத்து விறகு. ஆலைக்கு அரைத் தெரு முன்னாலேயே கஞ்சி வாடை வந்துவிடும்.

அவன் அப்பாவை ஊரே அண்ணாச்சி என்றது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அண்ணாச்சிக்கு மகன் படிப்பின் மேல் பெரிய மதிப்பு கிடையாது. நாலு வருசம் படித்துவிட்டு நீ சொல்லப்போவது என்ன, தண்ணி கொதித்தால் ஆவி வரும் என்றா என்று ஆட்கள் முன்னால் கேட்பார். நாயகத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போடுகிற விறகில் எவ்வளவு சூடு நீராவியாகிறது, எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டி அப்பா வாயை அடைக்க வேண்டும் என்று முடிவுசெய்தான். எனக்கும் அது படிப்புதான் என்று என்னையும் கூப்பிட்டான். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் போய் ஆலையில் இறங்கினேன்.

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்தோம். விறகை நூல் மூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்தோம். கொதிகலனைக் கவனித்த சுடலை, நாங்கள் நிறுத்து முடிக்கும்வரை விறகுக்குக் காத்துநிற்க வேண்டியிருந்தது. அடுப்பு அணைந்தால் உங்க ரெண்டு பேரையும் நிறுத்து உள்ளே போட்டுவிடுவேன் என்றார்.

பிறகு விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். நீராவிப் பக்கம் அவனுக்கு. அவனிடம் புதிதாக வாங்கிய நீராவி அட்டவணை இருந்தது. எந்த அழுத்தத்தில் நீராவி எவ்வளவு வெப்பம் சுமக்கும் என்று வரிசையாகப் போட்ட சிறு புத்தகம். விறகுப் பக்கம் எனக்கு. ஒரு சீனியர் கொடுத்துவிட்டுப் போன பழைய பாடப் புத்தகத்தில் விறகின் வெப்ப மதிப்பு இருந்தது. கொதிகலனைப் படமாக வரைந்து சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டேன். உள்ளே போவது விறகின் சூடு. வெளியே வருவது நீராவியின் சூடு. அவன் எண்ணை என் எண்ணால் வகுத்தோம்.

தேநீர் வந்திருந்த நேரம். அண்ணாச்சி, சுடலை, கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். என்ன வே, கணக்கு முடிஞ்சுதா என்று அண்ணாச்சி கேட்க, நாயகம் தாளைப் பார்த்து அப்படியே வாசித்தான். விறகு ஒரு பங்கு, நீராவி இரண்டரைப் பங்கு.

அண்ணாச்சி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்பம் நூலுக்குக் கஞ்சி எதுக்கு வே? ஆலைய மூடிட்டு ஆவி வியாபாரம் பாப்பம்."

சுடலை விடவில்லை. "ஆவியில பாதிய திருப்பி அடுப்புக்குள்ள விட்டாப் போதும் அண்ணாச்சி. விறகே வேண்டாம். எனக்கும் வீட்டுக்குப் போவலாம்."

அந்தச் சிரிப்பு தெரு வரை போனது. மறுநாள் பஸ் நிலையத்துக் கடையில் ஒருவர் என்னிடம், ரெண்டரைப் பங்குத் தம்பி நீதானா என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் நாங்கள் இருவரும் தாளோடு கொட்டகைக்குத் திரும்பினோம். நான் புள்ளிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே போனது விறகு ஒன்றுதான். தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் போனது. வேறு எந்தச் சூடும் உள்ளே போகவில்லை. அப்படியானால் போனதைவிட அதிகமாக வெளியே வர வழியில்லை. ஒரு விடையைப் பார்த்து இது இருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றியது அதுதான் முதல் முறை. அதுவரை பென்சிலிலிருந்து எது வந்தாலும் அடியில் இரண்டு கோடு போட்டு முடித்துக்கொண்டிருந்தேன்.

நாயகம் என் பழைய புத்தகத்தை வாங்கிப் புரட்டினான்.

"ஏலே, இது கலோரிக் கணக்குல்லா."

"சரி, அதுக்கென்ன? பேருதான வேற?"

அவன் புத்தகத்தை மூடினான். "பரீட்சைக்கு எந்த டேபிள் கொண்டு போன?"

"அதே சீனியர் குடுத்ததுதான்."

"அதுலயும் கலோரியா?"

ஆமாம் என்றேன்.

"வெளங்கும்" என்றான்.

அந்த வருடம்தான் எங்கள் பாடம் பழைய அலகிலிருந்து புது அலகுக்கு மாறியிருந்தது. அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லிவந்தவர்கள் 'பார்' என்ற புது அலகில் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பயப்படாதீர்கள் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அழுத்தத்துக்கு அது உண்மை. நான் அதை வெப்பத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஒரு கிலோ கலோரி நான்கு கிலோ ஜூலுக்கும் சற்று மேலே. பரீட்சைக் கேள்விகள் ஜூலில் இருந்தன, நான் கலோரி அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து ஜூல் என்று எழுதிவிட்டு வந்தேன். என் விடைத்தாளில் ஒவ்வொரு டர்பைனும் கால்வாசி வேலைதான் செய்திருக்கும். ஆலைக் கணக்கில் ஒரு பக்கம் ஜூல், மறுபக்கம் கலோரி என்று கலந்ததால்தான் விறகு குறைந்து நீராவி கூடியது.

விறகின் எண்ணையும் ஜூலுக்கு மாற்றி வகுத்தோம். பத்தில் ஆறு பங்கு வந்தது. நாயகம் போய்ச் சொன்னான். இந்த முறை அண்ணாச்சி கேலி செய்யவில்லை. மீதி நாலு பங்கு எங்கே போகிறது என்று கேட்டார். பெரும்பகுதி புகைபோக்கி வழியாக என்றான் நாயகம். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். வருடக்கணக்காக அவர் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த புகைதான். அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். அந்தப் பாடம் மூன்றாம் ஆண்டில் வரும் என்று நாயகம் சொல்ல, அதுவரைக்கும் எரிச்சுக்கிட்டு இருப்பம் என்று உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். தோற்றவன் அவ்வளவு நிம்மதியாக அந்த பஸ்ஸில் வந்திருக்க மாட்டான். இனி மிச்சம் இருந்தது புது அட்டவணையில் பழகுவது மட்டும்தான்.

5

துணைத்தேர்வில் ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதினேன். விடை வந்ததும், இது இருக்க முடியுமா என்று ஒரு தரம் பார்த்தேன். பின்னாளில் பத்திரிகையில் இதையே செய்து சம்பளம் வாங்கினேன். அணையில் இத்தனை தண்ணீர் என்று ஒரு செய்தி வந்தால் அடியா, கன அடியா என்று நிருபரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பேன். அலுவலகத்தில் அதற்காக என்னை யாரும் விரும்பவில்லை.

முடிவு வரும்வரை கல்லூரியில் இடமில்லை. ஊரில் இருந்தேன். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மழை இறங்கியது. ஈரம் பார்த்து அப்பா ஏர் பூட்டினார். அவர் முன்னால் உழ, நான் ஓலைக் கொட்டானில் சோள விதை வைத்துக்கொண்டு, ஏர் கீறிய சாலில் போட்டபடி பின்னால் போனேன். அண்ணன் ஓட்டிய அடுத்த ஏருக்குப் பின்னால் அம்மாவும் அண்ணியும். ஈரக் கரிசல் காலில் அப்பிக் கனத்தது.

மாட்டுக்கு மூச்சுவிட நிறுத்தியபோது அப்பா என் பக்கம் திரும்பினார். சைசிங் ஆலைக் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. மூன்று மாதமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர்.

"ஒரு படி விதை போட்டா நாப்பது படி வருது. ரெண்டரைக்கே அந்தச் சிரிப்பு சிரிச்சாங்களாமே. இது மட்டும் எப்பிடிலே?"

குனிந்து, ஈர மண்ணில் விரலால் புள்ளிபுள்ளியாக ஒரு சதுரம் போட்டேன். "இது நம்ம கரிசக்காடு. கோட்டுக்குள்ள விதை மட்டும் போகல. மேல இருந்து வெயில் போகுது, மழை போகுது, காத்து போகுது. நாம விதைய மட்டும் எழுதுதோம். அதான் கூடுதலாத் தெரியுது. எல்லாத்தையும் எழுதினா சரியாப் போயிரும்."

அப்பா சதுரத்தைப் பார்த்தார். "ஏன், நான் உழுதது?"

"அதுவும் உள்ளதான் போகுது."

சரிதான் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு மாட்டைத் தட்டினார். முடிவு எப்படி வந்தாலும் பாடம் எனக்குப் புரிந்துவிட்டது என்று அந்த இடத்தில் தெரிந்தது. எங்கள் வழக்கப்படி வெளியிலிருந்து உள்ளே போகும் வேலைக்குக் கழித்தல் குறி என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பாதிச் சால் போட்டிருப்போம். வரப்பில் நாயகம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மதுரையிலிருந்து வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் அடுத்த பஸ் பிடித்து வந்திருந்தான். முந்தின நாள் கல்லூரிப் பலகையில் முடிவு போட்டிருந்தார்கள்.

"ஏலே, விதைக் கொட்டான கீழ வையி" என்று அங்கிருந்தே கத்தினான். "திங்கக்கிழமை கிளாசுக்கு வரணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏரை நிறுத்தவில்லை. அவனை உட்காரச் சொல்லு, வெயில்ல வந்திருக்கான் என்றார். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே சொன்னார்.

"இந்தச் சால முடிச்சிட்டுப் போ."

முடித்தேன். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை, முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கடைசி விதை விழுந்ததும் அப்பா கொட்டானைக் கையில் வாங்கிக்கொண்டு, நாயகத்திடம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மீனா கணக்குக் கேட்ட அன்று மாலை, மருத்துவமனையில் வேலை முடிந்து வந்து அவளைக் கூப்பிட்டேன். தாத்தாவின் சோளக் கதையை அவள் முன்பே பாதி கேட்டிருக்கிறாள், மீதியையும் சொன்னேன். அவள் புத்தகத்து முறைப்படி, வெளியிலிருந்து உள்ளே போகும் வேலைக்குக் கூட்டல் குறி. தாத்தா உழுதது அங்கே கூட்டலாகத்தான் வரும்.

"அப்போ நான் எந்த மெத்தட் யூஸ் பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

உன் புத்தகத்தில் இருப்பதையே பின்பற்று என்று சொன்னேன்.